வாகன இழுவைத் தொழிலும் அயலார் நம்பிக்கையும்



அரிசிக் கடைக்காரரிடம் நாம் வாரந்தோறும் செல்கிறோம். முடிதிருத்துபவரிடம் மாதம் ஒரு முறையேனும் செல்கிறோம். அவர்கள் நம்மை அறிவர். நாமும் அவர்களை அறிவோம். விலை கூடினாற் காரணங் கேட்போம். சரக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடையை நாடுவோம். ஆனால், நடுவழியிற் பழுதுற்று நின்றுவிட்ட மோட்டார் வண்டியைத் தூக்கி இழுத்துச் செல்பவரை நாம் எத்தனை முறை தேடிச் செல்கின்றோம்? வண்டி வைத்திருப்போருட் பலருக்கு அந்தத் தேவை வாழ்நாளில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் நேர்வதில்லை. நேரும்போதோ, அகால வேளையில், கொட்டும் மழையில், குழந்தை குட்டிகள் வண்டிக்குள் அமர்ந்திருக்க, ஊர்ப் பெயரும் சரியாகத் தெரியாத ஓரிடத்தில் நேருகின்றது. அவ்வேளையில் விலை பேசவோ, வருபவர் தகுதியை ஆராயவோ எவருக்கும் மனம் இராது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், “இன்னாரைக் கூப்பிடுங்கள், நல்ல மனுசன்” என்று சொன்னால், அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறோம்.

அவ்வாறு பிறர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லின்மேல் நிற்பது இந்தத் தொழில். அந்தச் சொல்லை இழுவைக்காரர் எவ்வாறு சம்பாதிக்கிறார், அதையே காசு கொடுத்து வாங்க முற்படும்போது என்ன நேருகிறது என்பவற்றைப் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

இத்தொழிலின் பிறப்பே, பழக்கத்தின் பேரில் விடுக்கப்பட்ட ஓர் அழைப்பினால் ஏற்பட்டது. அமெரிக்காவில் தெனசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு நகரம் உண்டு. அங்கே ஏர்னெஸ்ட் ஹோம்ஸ் என்பவர் கராஜ் நடத்திவந்தார். 1916 ஆம் ஆண்டில், அவருக்கு முன்னர் பாடஞ் சொல்லிக்கொடுத்த ஜோன் வைலி என்பவருடைய போர்ட் மோட்டார் வண்டி ஓர் ஓடையிற் கவிழ்ந்துவிட்டது. ஆபத்து வேளையில் ஆசிரியருக்கு நினைவு வந்தவர் பழைய மாணவரே. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹோம்ஸ் சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கயிறும் கட்டைகளுங் கொண்டு போராடினார். வண்டியை மேலே கொண்டுவர எட்டு மணி நேரம் சென்றது. அந்த அலுப்பிலேதான் ஒரு யோசனை பிறந்தது. 1913 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியொன்றின் பின்புறத்தில் மூன்று கம்பங்களை நாட்டி, கப்பியும் சங்கிலியும் பூட்டி, பளுத்தூக்கி ஒன்றை அவர் அமைத்தார். நம்மவர் ‘பிரேக்டவுன் லொறி’ என்று வழங்கும் வண்டியின் மூதாதை அதுவே. அந்நகரில் இத்தொழிலுக்கென்று ஒரு நூதனசாலை இன்றும் இருக்கின்றது. கடமையின்போது உயிர் நீத்த இழுவைத் தொழிலாளரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சுவர் ஒன்றும் அங்கே 2006 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. வீதியோரத்திற் குனிந்து நின்று சங்கிலி பூட்டுபவரை, விரைந்து வரும் மற்றொரு வண்டி மோதிவிடுவது அந்நாட்டில் அடிக்கடி நேரும் அவலம்.

ஹோம்ஸ் தமது கருவியைச் செய்து விற்கத் தொடங்கியபோது அதனை வேண்டியவர்கள் அவரைப் போன்ற கராஜ்காரர்களே. கவிழ்ந்த வண்டியைக் கொண்டுவருபவருக்கே அதைத் திருத்தும் வேலையும் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே இழுவையும் திருத்துவேலையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்தப் பிணைப்பு நன்மைக்கும் இடந்தரும், தீமைக்கும் இடந்தரும்.

வண்டிச் சொந்தக்காரர் இழுவைக்காரருக்கு ஒரு நாள் வாடிக்கையாளர். அப்படியானால் இத்தொழிலின் நிரந்தர வாடிக்கையாளர் யாவர்? வழியில் நின்ற மனிதரை முதலிற் சந்திப்பவர்களே அவர்கள். கராஜ்காரர், பெற்றோல் நிலையத்தார், ரயர் கடைக்காரர், காப்புறுதிக் கம்பனி, பொலிஸ் நிலையம், பஸ் உரிமையாளர், லொறிகள் வைத்துச் சரக்கேற்றுவோர், விருந்தினர் விடுதிகள் ஆகியோரிடம் இந்தத் தேவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். புதிதாக ஓர் இழுவை வண்டியை வாங்கிய இளைஞர், பத்திரிகையில் விளம்பரம் இடுவதற்கு முன்னர், தம் ஊரைச் சுற்றிப் பத்து மைல் தூரத்துக்குள் இத்தகையோர் எத்தனை பேர் உள்ளனர் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்பாராயின், தம்முடைய உண்மையான சந்தை எது என்பதை அன்றே அறிந்துகொள்வார்.

இவர்களுள் ஒவ்வொருவர் எதிர்பார்ப்பதும் வெவ்வேறு. கராஜ்காரரின் நிலையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒருவரைக் கூப்பிடுமாறு அவர் சொல்லும்போது, தம்முடைய நற்பெயரையும் கூடவே அனுப்புகிறார். வருகிற வழியில் வண்டியின் முன்புறம் நசுங்கினால், பழி இழுவைக்காரரோடு நிற்பதில்லை. சொன்னவர் தலையிலும் விழும். வெளிக்குத் தெரியாமல் உள்ளே நேரும் கேடு அதனிலும் பெரிது. முன் சக்கரங்களால் இயங்கும் வண்டியொன்றைப் பின்புறத்தைத் தூக்கி, முன் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால், பொறிப் பெட்டி கெட்டுப்போகக்கூடும். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வண்டிகள் இப்பொழுது நம் வீதிகளில் நிறைந்துவிட்டன. அவற்றின் இயக்கு சக்கரங்கள் மின் மோட்டாரோடு இணைந்தவை. அச்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்தால் மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சூடேறி விலையுயர்ந்த பாகங்கள் கெட்டுவிடும். அத்தகைய வண்டிகளை இயக்கு சக்கரங்கள் தரையிற் படாமல் தூக்கிச் செல்லல் வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாயின் மேடை லொறியின்மேல் முழுவதும் ஏற்றிச் செல்லுதலே தகும். தொலைபேசியில் அழைப்பு வந்தவுடன், “வண்டி எந்த வகை? எந்த ஆண்டு? எந்தச் சக்கரம் இயங்குவது?” என்று கேட்கும் இழுவைக்காரரைக் கராஜ்காரர் மறப்பதில்லை. அந்த மூன்று கேள்விகள், அச்சடித்த அழகிய அட்டைகள் முந்நூற்றிலும் மேலானவை.

காப்புறுதிக் கம்பனிக்கு வேண்டியது பத்திரம். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்குச் சென்றடைந்தார், வண்டி எந்நிலையிற் கிடந்தது, எங்கே சேர்க்கப்பட்டது என்பவற்றைப் படத்தோடும் பற்றுச்சீட்டோடும் தருபவரையே அது மறுபடியும் அழைக்கும். லொறி உரிமையாளருக்கு நேரமே காசு. பொலிசாருக்கு வீதி விரைவில் துப்புரவாகல் வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளாமற் போகிறவரை அவர்கள் விரும்பார். விடுதிக்காரருக்கோ, தம் விருந்தினரிடம் மரியாதையாகப் பேசும் ஆள் வேண்டும்.

ஒரு சிறு பழக்கத்தை இங்கே குறிப்பிடுதல் தகும். ஆளை அனுப்பியவருக்கு, மறுநாட் காலையில், “நீங்கள் அனுப்பிய ஐயாவைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டேன், வண்டி இன்ன இடத்தில் நிற்கிறது” என்று ஒரு செய்தி சொல்லுதல். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் இதனைச் செய்வோர் மிகச் சிலரே. அனுப்பியவர் மனத்தில், ‘அந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ’ என்ற கவலை ஒரு மூலையில் இருந்தே தீரும். அதைத் தீர்ப்பவருக்கு அடுத்த அழைப்பும் உரியதாகும். யார் அனுப்பினார், என்ன வேலை, எவ்வளவு நேரத்திற் சென்றோம் என்று ஒரு பதிவேடு வைத்திருப்பவர், ஆறு மாதத்தின் பின் அதைப் புரட்டிப் பார்த்தால், எவர் சொல் தமக்குச் சோறு போடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். பாடசாலையில் வர்த்தகம் படிக்கும் மாணவர், வியாபாரம் ஒன்று கைமாறும்போது ‘நன்மதிப்பு’ என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதுகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத பொருளுக்கு எவ்வாறு விலை வைப்பது என்று அவர்கள் திகைப்பதுண்டு. இழுவைக்காரரின் அந்தப் பதிவேட்டைக் காட்டினால் அவர்களுக்கு விளக்கம் எளிதாகும்.

தொழிலிற் போட்டியாக உள்ள மற்றை இழுவைக்காரரோடு உறவு வைத்துக்கொள்வதும் இதன்பாற்பட்டதே. சிறிய வண்டி வைத்திருப்பவராற் கவிழ்ந்த பஸ்ஸைத் தூக்க முடியாது. பெரிய பளுத்தூக்கி வைத்திருப்பவருக்கோ, முச்சக்கர வண்டி ஒன்றை இழுப்பதற்குத் தமது பெரிய லொறியை ஓட்டிவருவது நட்டம். இருவரும் ஒருவருக்கொருவர் வேலையை அனுப்பினால் இருவரும் வாழ்வர். ஒரே அளவான வண்டி வைத்திருக்கும் இருவர்கூட, ஒருவர் உறங்கும் இரவில் மற்றவர் விழித்திருப்பதாக முறை வைத்துக்கொள்ளலாம். “இப்பொழுது வர இயலாது, ஆனால் இன்னார் வருவார்” என்று சொல்லி ஆளைச் சேர்த்துவைப்பவருக்கு நற்பெயர் குறைவதில்லை. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லி இரண்டு மணி நேரம் காக்கவைப்பதே தொழிலை அழிப்பது.

இனி, இந்த அயலுறவு ஊரெல்லையைத் தாண்டி எவ்வாறு பெரிய அமைப்பாக வளர்ந்தது என்பதையும் பார்க்கலாம். மோட்டார் வண்டிக்காரர் தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலுக்கும் முந்தியது. நமது தீவிலே மோட்டார்ச் சங்கம் 1904 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற மோட்டார்ச் சங்கம் அடுத்த ஆண்டிலேதான் பிறந்தது. 1915 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், சங்கத்தின் ஆட்கள் மோட்டார்ச் சைக்கிள்களில் ஞாயிறுதோறும் வீதிகளிற் சுற்றிவந்து, பழுதாகி நிற்போருக்கு உதவி புரிந்தனர். பிரித்தானியச் சங்கம் 1949 இல் இலண்டன் பகுதியில் இரவு நேர உதவிச் சேவையை ஆரம்பித்தது. இவை பெரிய சங்கங்கள். தம்முடைய சொந்த ஆட்களை வீதியில் நிறுத்தக்கூடியவை.

நமது பொருளுக்கு மிகவும் இயைந்தது 1971 இல் பிரித்தானியாவின் பிரட்போர்ட் நகரில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் கதை. பின்னாளில் அது ‘கிரீன் பிளாக்’ என்று பெயர் பெற்றது. பெரிய சங்கங்களைப்போலத் தானும் ஒரு வண்டிப் படையை வாங்கி நிறுத்துவதற்குப் பதிலாக, நாடெங்கும் ஏற்கெனவே இருந்த கராஜ்காரரையும் இழுவைக்காரரையும் ஒப்பந்தத்தாற் பிணைத்துக்கொண்டது. சந்தாக்காரர் தொலைபேசியில் அழைப்பார். நிறுவனம் அந்த இடத்துக்கு அண்மையிலுள்ள கராஜ்காரருக்குச் செய்தி அனுப்பும். வேலை முடிந்ததும் கூலியை நிறுவனம் கொடுக்கும். ஊர்க் கராஜ்காரருக்கு, தம்மை ஒருபோதும் கண்டிராத வெளியூர்ப் பிரயாணிகள் வாடிக்கையாளர் ஆனார்கள். நிறுவனத்துக்கோ, ஒவ்வோர் ஊரின் ஒழுங்கையையும் அறிந்த ஆட்கள் கிடைத்தார்கள்.

ஆனால் இத்தகைய கொந்தராத்து வேலையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெரிய நிறுவனம் கொடுக்கும் கூலி, நேரே வரும் வாடிக்கையாளர் கொடுப்பதிலும் குறைவாகவே இருக்கும். வெறுமனே நிற்கும் வண்டிக்கு அந்த வேலை வருவாய் என்பது மெய்யே. எனினும், வேலையிற் பெரும்பங்கு ஒரே நிறுவனத்திலிருந்து வரத் தொடங்கினால், கூலியை நிர்ணயிப்பவர் அந்த நிறுவனத்தாரே ஆவர். இழுவைக்காரர் பெயரளவில் முதலாளி, நடப்பிற் கூலியாள். கடன்பட்டு இரண்டாவது லொறி வாங்குவதற்கு முன்னர் இதை எண்ணிப் பார்த்தல் அவசியம். பத்துக் கராஜ்காரரின் சிறு சிறு அழைப்புகள் ஒரு பெரிய கொந்தராத்தைக் காட்டிலும் உறுதியானவை என்பது என் கருத்து.

இப்பொழுது தரகுக்கு வருவோம். ‘ஆள் அனுப்புகிறேன், எனக்கு எவ்வளவு தருவாய்?’ என்று கேட்பவர் எந்த ஊரிலும் இருப்பர். இழுவைக் கூலி பதினையாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூவாயிரத்தை அனுப்பியவருக்குக் கொடுத்தால், அந்த மூவாயிரம் எங்கிருந்து வருகிறது? முதலிரண்டு மாதங்களுக்கு இழுவைக்காரரின் இலாபத்திலிருந்து வரும். அதன்பின் கூலி பதினெண்ணாயிரம் ஆகிவிடும். மழையில் நனைந்து நிற்பவரே அதைக் கட்டுவார். நாலாயிரம் தருவதாக வேறொருவர் வந்தால், மூவாயிரத்துக்கு வாங்கிய சொல் அன்றைக்கே கைமாறிவிடும். கராஜ்காரருக்கு மாத முடிவிற் கணக்குத் தீர்க்கும் வசதியும், பற்றுச்சீட்டிலே வெளிப்படையாக எழுதிய கழிவும் கொடுப்பதை நான் குறைகூறமாட்டேன். கட்டுபவர் கண்ணுக்குத் தெரியாமற் கைமாறும் பணமே நஞ்சு.

இந்த நஞ்சு எவ்வளவு தூரம் ஏறும் என்பதைக் கனடாவின் ரொறன்ரோ மாநகரம் கண்டது. நம் நாட்டிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோ அந்நகரின் ஒரு பகுதியே. இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் நேயர் பலருக்கு அங்கே பிள்ளைகளும் சகோதரரும் இருப்பர். அங்கே விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேரும் இழுவைக்காரருக்கே வேலை என்ற வழக்கம் பல காலமாக இருந்தது. வண்டியை இழுக்கும் கூலி அதிற் சிறு பகுதி. எந்தத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்துவது, எந்தக் கராஜிற் சேர்ப்பது, வாடகை வண்டி எங்கே எடுப்பது, காயத்துக்கு எந்தச் சிகிச்சை நிலையம், வழக்குக்கு எந்தச் சட்டத்தரணி என்று ஒவ்வொரு வாயிலிலும் ஆள் அனுப்புவதற்குப் பணம் கிடைத்தது. கடைசியில் எல்லாம் காப்புறுதிக் கணக்கில் ஏறின. ஒரு விபத்து இத்தனை பேருக்கு வருமானம் என்று ஆனபின், வீதிகளைப் பங்கிட்டுக்கொள்ளக் கும்பல்கள் கிளம்பின. இழுவை வண்டிகள் தீக்கிரையாயின; கொலைகளும் நடந்தன. நீண்ட விசாரணையின் பின்னர் 2020 மே மாதத்திற் பொலிசார் பலரைக் கைது செய்தனர். விபத்துச் செய்திகளை முந்தி அறியும் பொருட்டுப் பொலிசாரின் வானொலிக் கருவிகளே இழுவைக்காரர் கைக்குச் சென்றன என்று, அடுத்த மாதத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. தேநீர்க் கடைக்காரர் இனாமாகச் சொன்ன அந்தச் சொல்தான், விலைப்பட்டு விலைப்பட்டு, இவ்வளவுக்கு வந்து நின்றது.

ஒன்ராறியோ மாகாண அரசு சும்மா இருக்கவில்லை. 2017 தொடக்கம், வண்டிச் சொந்தக்காரரின் அனுமதியின்றி இழுத்தலாகாது, அவர் சொல்லும் இடத்துக்கே கொண்டுபோதல் வேண்டும், கணக்கை வகைவகையாக எழுதிக் கொடுத்தல் வேண்டும், குறித்த கராஜிற் சேர்ப்பதற்குத் தமக்குப் பணம் கிடைப்பதாயின் அதை முன்னரே சொல்லுதல் வேண்டும் என்று விதி செய்திருந்தது. அது போதாது என்று கண்டு, 2021 இல் இழுவைத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பரில், ரொறன்ரோவைச் சுற்றிய பெருந்தெருக்களின் சில பகுதிகளில் அனுமதி பெற்ற நிறுவனம் மாத்திரமே இழுக்கலாம் என்று வரையறுத்தது. 2024 முதல் இத்தொழில் நடத்துவோர் மாகாண அரசின் சான்றிதழ் பெற்றிருத்தல் கட்டாயமாயிற்று.

கலிபோர்னியா மாநிலத்தின் வழி இன்னும் நேரானது. இழுவை வண்டியை அழைப்பித்ததற்காகத் தரகோ வெகுமதியோ கொடுப்பதையும் வாங்குவதையும் அம்மாநில வாகனச் சட்டம் முற்றாகத் தடுக்கின்றது. விபத்து நடந்த இடத்திற் சொந்தக்காரருக்கு வேண்டியவர் எவரும் இல்லையாயின், நெடுஞ்சாலைப் பொலிசார் தகுதி பார்த்துத் தயாரித்த பட்டியலிலிருந்து முறைப்படி அடுத்தவரை அழைப்பர். இன்று ஒருவர், நாளை மற்றவர். லொஸ் ஏஞ்சலீஸ் நகரில் 1991 இல் ஆரம்பமான விரைவுப்பாதை உதவிச் சேவை இதனினும் ஒருபடி மேலே சென்றது. அரசாங்கம் தனியார் இழுவை நிறுவனங்களோடு ஒப்பந்தஞ் செய்து, கூட்டம் மிகுந்த வேளைகளில் அவர்களின் வண்டிகளைப் பாதையிலே சுற்றிவரச் செய்கிறது. நின்றுபோன வண்டிக்குப் பெற்றோல் விடுவார்கள். ரயர் மாற்றிக் கொடுப்பார்கள். இயலாவிட்டாற் பாதையிலிருந்து அகற்றிக் குறிப்பிட்ட ஓரிடத்திற் சேர்ப்பார்கள். சொந்தக்காரர் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. அன்பளிப்பாகக் கொடுத்தாலும் சாரதி வாங்கலாகாது. அதற்கு மேலும் ஒரு விதி உண்டு: எந்தக் கராஜுக்குப் போகலாம் என்று கேட்டால், சாரதி எந்தப் பெயரையும் சொல்லக் கூடாது.

சிறிய ஊர்களில் இவ்வளவு கடுமை வேண்டியதில்லை என்றே எண்ணுகிறேன். இரவில் அந்நிய ஊரில் நிற்பவர், “நல்ல கராஜ் எது தம்பி?” என்று கேட்டால், வாய் மூடி நிற்பது மனிதத்தன்மையாகாது. தெரிந்த மூன்று பேரின் பெயரைச் சொல்லலாம். அவர்களுள் ஒருவர் தமக்கு வேலை அனுப்புகிறவர் என்றால், “இவர் எனக்கு ஆள் அனுப்புகிறவர், அண்ணை, மற்ற இரண்டு பேரும் வேலை தெரிந்தவர்கள்தான்” என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அவர் எந்தப் பக்கம் போகச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் லொறியைத் திருப்பினாற் போதும்.